தீ எதுவும் காணப்படவில்லை

கவிதா கேட்டது இரண்டே பக்கம். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண் அவள். கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். கம்பெனி ஆண்டு மலர் போடுகிறதாம். அதில் 'நமது பசுமைச் சங்கிலி பிறந்த கதை' என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். அதை நான்தான் எழுத வேண்டுமாம்.

"அண்ணே, இப்ப எங்களுக்கு போன்லயே எல்லாம் வந்துருது. லோரி எங்க நிக்குது, மூட்ட எங்க எறங்குச்சு, எல்லாம் தெரியும். ரீசைக்கிள் யார்டுக்குச் சொல்லாமத்தான் போகணும்னு ரூல் வேற. ஒங்க காலத்துல இதெல்லாம் இல்ல. நீங்க எப்படித்தான் செக் பண்ணீங்க? அத எழுதுங்கலா, புதுசா வந்த பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள்.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். இதைக் கேட்டுவிட்டாள். நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். எழுத உட்கார்ந்தால் பிறந்த கதை வரவில்லை, வேறொன்று வருகிறது. இரண்டு பக்கத்தில் அடங்கவும் இல்லை. இதை மலரில் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டால் போகட்டும்.

என் பெயர் மாணிக்கம். ஜார்ஜ்டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை செய்தேன். அரிசி, எண்ணெய், டப்பா, பை, கைதுடைக்கும் தாள், எல்லாம் புக்கிட் தெங்காவில் இருக்கும் எங்கள் ஸ்டோரிலிருந்து பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவுக்குப் போகும். பத்தொன்பது வயதில் லோரியில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். பிறகு லைசன்ஸ் எடுத்து லோரி ஓட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டதும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன இடத்துக்குப் போனேன், சொன்ன சாமானை இறக்கினேன், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

பசுமைச் சங்கிலி அதற்குப் பிறகு வந்தது. பட்டணத்துக்குள் சரக்கு வருவதிலும் போவதிலும் புகையையும் குப்பையையும் குறைக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். பட்டணத்தின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை அதில் போட்டார்கள். எனக்கு ஏகப்பட்ட பெருமை. மூட்டை தூக்கியவன் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தால் பெருமை வராமல் என்ன செய்யும்?

முதலில் அட்டைப் பெட்டியை ஒழித்தோம். நீலக் கூடையில் சரக்கைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலிக் கூடையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். பேப்பரில் அவ்வளவு சுலபம். போன கூடை ஒன்றும் திரும்பவில்லை. லெபோ பாசார் தெருப் பக்கம் தேடிக்கொண்டு போனேன். ஒரு கடையில் கூடையைக் கவிழ்த்து மேலே பலகை போட்டு நான்கு பேர் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பூக்கடை அக்கா ஒருவர் மாலைகளை அதில் அடுக்கி ஈரத்துணி போட்டு மூடியிருந்தார். இன்னொரு கடையில் பூனை குட்டி போட்டிருந்தது. "அண்ணே, கூடைய எடுத்துக்கவா?" என்றேன். "இன்னும் கண்ணு தொறக்கலலா, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார் கடைக்காரர். ரெண்டு வாரம் கழித்துப் போனேன். கூடையைக் கழுவி வைத்திருந்தார். கூடவே ஒரு குட்டியையும் தர முயன்றார்.

அப்படிக் கடை கடையாக நடந்து, கெஞ்சி, கேலி பேசி, ஒரு வழியாகக் கூடைகளைத் திரும்ப வர வைத்தேன். அடுத்து, பெரிய லோரியைப் பட்டணத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சந்துக்குள் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி. கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் லோரிப் புகைக்கு மூக்கைப் பொத்துவது நின்றது. சும்மா சொல்லக் கூடாது, அதெல்லாம் நல்ல வேலை. அதோடு நிறுத்தியிருந்தால் கவிதா கேட்ட இரண்டு பக்கத்தை நான் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

மூன்றாவதாக வந்தது பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கும் திட்டம். நாங்கள் விற்ற டப்பா, பை, எண்ணெய்ப் பாக்கெட் எல்லாவற்றையும் கடைக்காரர்கள் ஒரு பச்சைச் சாக்கில் போட்டு வைக்க வேண்டும். சாக்கில் எங்கள் கம்பெனி இலைப் படமும் போன் நம்பரும் இருக்கும். சரக்கு இறக்கிய வண்டி அந்தச் சாக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். கடைக்குக் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். சாக்கெல்லாம் நிபோங் திபால் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த ஒரு மறுசுழற்சி யார்டுக்குப் போகும். அங்கே அதை உருக்கிச் சிறு பிளாஸ்டிக் மணிகளாக்கி விற்கிறார்கள் என்பது கணக்கு.

எண்ணெய்ப் பிசுக்கும் குழம்பும் ஒட்டிய பிளாஸ்டிக்கை உருக்க முடியாது, அதைக் கழுவவே ஒரு ஆறு வேண்டும் என்று லோரி ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மற்ற யார்டுகள் எல்லாம் வேண்டாம் என்று சொன்ன சாக்கை இந்த யார்டு மட்டும் ஏன் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் திட்டம் நின்றுவிடும். திட்டம் என் பிள்ளை மாதிரி. தன் பிள்ளை திருடுகிறதா என்று எந்த அப்பன் தேடிப் போய்க் கேட்பான்?

யார்டைச் செக் பண்ணுவது என் பொறுப்பு. இனி கவிதாவின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். முதல் நாள் யார்டு முதலாளிக்குப் போன் போடுவேன். "நாளைக்கு வரேன் போஸ்." அது மரியாதை, தொழிலில் எல்லாரும் அப்படித்தான். மறுநாள் பத்து மணிக்குப் போவேன். எடைச்சீட்டு பார்ப்பேன். மெஷின் ஓடும், அதைப் படம் எடுப்பேன். கட்டி அடுக்கிய பிளாஸ்டிக் கட்டுகளைப் படம் எடுப்பேன். ஆட்கள் பூட்ஸ் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். படிவத்தில் கடைசிக் கேள்வி, திறந்த வெளியில் எரிக்கிறார்களா என்பது. இல்லை என்று எழுதுவேன். பன்னிரண்டு மணிக்கு முதலாளி ஆற்றோரக் கடைக்கு அழைத்துப் போவார். நிபோங் திபால் ஆற்று இரால், இவ்வளவு பெரிது. சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். மெஷினுக்குப் பின்னால் இருந்த தகரத் தடுப்பைத் தாண்டி, ஒரே ஒரு தடவை தவிர, நான் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரால் ஆறிவிடும் என்று மட்டும் சொல்வார்கள்.

என் மேலதிகாரி நசீர் சார். தஞ்சோங்கில், அதாவது ஜார்ஜ்டவுனிலேயே, பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம், பரம்பரை வியாபாரக் குடும்பம். நான் பார்த்தவரையில் ஒருவரிடமும் அவர் குரலை உயர்த்தியதில்லை. மேசையில் எப்போதும் ஒரு வெந்நீர்க் குவளை, கூர் சீவிய பென்சில். என் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வைத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, ஒவ்வொரு வரியாகப் படிப்பார். பேனாவால் அடிக்க மாட்டார். வார்த்தையின் கீழே பென்சிலால் மெல்ல ஒரு கோடு. "இந்த வார்த்த கொஞ்சம் கனமா இருக்கு மாணிக்கம். வேற பாருங்க." நாற்றம் என்று நான் எழுதினால் அது 'வாசனை மாற்றம்' ஆகும். பொய் எழுதுங்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "நீங்க நெனச்சத எழுதாதீங்க. பாத்தத எழுதுங்க." எவ்வளவு நல்ல வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதுதான் இனி.

ஒரு நாள் சாக்கில் இருந்த எங்கள் நம்பருக்கு ஒரு படம் வந்தது. வாழை இலை மேல் பாதி எரிந்த பச்சைச் சாக்குத் துண்டு. எங்கள் இலைப் படம் கருகாமல் அப்படியே தெரிந்தது. அனுப்பியவர் பெயர் தனலெட்சுமி. யார்டுக்கு அடுத்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருக்கிறார். இலை அறுத்து ஜார்ஜ்டவுனில் மூன்று வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். யார்டில் எரிப்பதால் இலையெல்லாம் கரி படிகிறது, ஒரு கடை ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, என்னவென்று பாருங்கள் என்று மலாயில் எழுதியிருந்தார்.

நசீர் சார் கூப்பிட்டார். அடுத்த மாதம் வெளியிலிருந்து ஆடிட்டர்கள் வருகிறார்கள். பசுமைச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மூடாத புகார் ஒன்று இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். புகாரை மூட வேண்டுமானால் புகார் கொடுத்தவரே கையெழுத்துப் போட வேண்டும். அவர் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு வெந்நீரை ஒரு வாய் குடித்தார்.

"ஒங்க ஆளுங்கதானே மாணிக்கம். நீங்க போய்ப் பேசினா கேப்பாங்க."

"எரிக்கிறது உண்மையா இருந்தா சார்?"

"போய்ப் பாருங்க. பாத்தத எழுதுங்க."

என் இடத்துக்கு வந்து முதலில் என்ன செய்தேன் தெரியுமா? யார்டு முதலாளிக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வரேன் போஸ்." புகாரைப் பற்றி விசாரிக்கப் போகிறவன் புகாருக்கு ஆளானவனிடம் நேரம் சொல்லிவிட்டுப் போகிறேன். பழக்கம் என்று சப்பைக்கட்டு கட்டலாம். பழக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. போய் எதையும் பார்த்துவிடக் கூடாது என்ற பயம்.

மறுநாள் யார்டில் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். அன்று மட்டும் நான் தகரத் தடுப்பைத் தாண்டிப் பின்னால் போனேன். முதலாளி கூடவே வந்தார், தடுக்கவில்லை. ஒரு பெரிய பள்ளத்தை மூடியது போலப் புதுச் செம்மண் கொட்டிப் பரப்பி, மேலே செம்பனை மட்டைகளைப் போட்டிருந்தார்கள். புகை இல்லை. நெருப்பு இல்லை. நான் அந்த மண் மேல் ஏறி நின்றேன். போட்டிருந்தது தடித்த சேஃப்டி பூட்ஸ். அதையும் மீறி உள்ளங்காலில் சூடு ஏறியது. ஒரு காலை மாற்றி இன்னொரு காலை வைத்தேன், அங்கேயும் சூடு. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "வெயிலு ஜாஸ்தி" என்றார். காலை பத்தரை மணி, வானம் மூடியிருந்தது. "ஆமா" என்றேன்.

அந்த 'ஆமா'வை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

படம் எடுத்தேன். படத்தில் செம்மண்ணும் மட்டையும்தான் விழும், சூடு விழாது. படிவத்தில் எழுதினேன்: 'தீ எதுவும் காணப்படவில்லை. புகை எதுவும் காணப்படவில்லை.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். எழுதத் தெரிந்தால் போதும்.

அதே காலோடு தனலெட்சுமியின் தோட்டத்துக்கு நடந்தேன். நடுவில் ஒரு வாய்க்கால்தான். நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டு, கையில் இலை அறுக்கும் கத்தி. என்னைப் பார்த்ததும் கழுத்திலிருந்த அட்டையைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஆளையே அனுப்பியிருக்காங்களே. வாங்கண்ணே. மலாய்ல எழுதிக் கேட்டதுக்கு யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன்."

பலகையில் உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார். கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, தோட்டம் முழுக்க இவர் கையில். விடியுமுன் அறுத்து, துடைத்து, வாழை நாரில் கட்டி, ஏழு மணிக்கெல்லாம் தீவுக்குப் போகும் காய்கறி வேனில் ஏற்றிவிடுவாராம். பிளாஸ்டிக் கயிறு ஒரு துண்டு கிடையாது. சாப்பிட்ட இலையைக் கடைக்காரர்கள் மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள். நாங்கள் ஆபீசில் மீட்டிங் போட்டு, படம் வரைந்து, எப்படி எப்படியெல்லாமோ செய்ய நினைத்ததை இந்தப் பெண் பேசாமல் செய்துகொண்டிருந்தார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. படிவத்தை எப்போது எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளைத் துணியை எடுத்து இலை ஒன்றைத் துடைத்துக் காட்டினார். துணி கறுத்தது.

"இதுல எப்படிண்ணே சோறு போடுவாங்க? தண்ணியில கழுவினாலும் வழவழன்னு நிக்குது. பிளாஸ்டிக் கரி. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். "பக்கத்துல நெல்லு வயல்ல வைக்கோல் கொளுத்தியிருப்பாங்கம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "வைக்கோல் பொகை எனக்குத் தெரியாதாண்ணே? அது கண்ணு எரியும். இது தொண்டையில ஒக்காந்துக்கும். இருக்குறது ரெண்டு கடை. அதுவும் போச்சுன்னா குத்தகைய விட வேண்டியதுதான். ஏழு வருசமா வச்ச வாழை."

"நான் ஆபீஸ்ல பேசுறேன்மா. வந்து பாத்ததுக்கு ஒரு சைன் மட்டும் போட்டுக் கொடுங்க."

படிவத்தை வாங்கிப் பார்த்தார். அது முழுக்க ஆங்கிலம். கீழே மூன்று சின்னப் பெட்டிகள்: நடவடிக்கை தேவை; விசாரணை நடக்கிறது; புகார்தாரருக்குத் திருப்தி என்பதால் புகார் மூடப்பட்டது. மூன்றும் காலி.

"இங்கிலீஷ்ல இருக்கேண்ணே. என்ன போட்டிருக்கு?"

"நான் வந்தேன், பாத்தேன்னு போட்டிருக்கும்மா. அத்தாட்சிக்குத்தான். இது இல்லாம நான் அங்க வாயத் தொறக்க முடியாது."

"இந்தப் பெட்டியெல்லாம் காலியா இருக்கே?"

"அது ஆபீஸ்ல போடுறது."

சரி என்றார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தமிழில், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, தனலெட்சுமி என்று முழுசாக எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது, தமிழ்ப்பள்ளியில் படித்த கை. "எப்படியாச்சும் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

காருக்கு வந்து, கதவைச் சாத்தி, மூன்றாவது பெட்டியில் டிக் போட்டேன். நசீர் சார் போடச் சொல்லவில்லை. ஆபீசில் யாரும் போடவில்லை. நான் போட்டேன். யாராவது கழுத்தில் கத்தி வைத்தார்களா? இல்லை. வேலை போய்விடும் என்று யாராவது மிரட்டினார்களா? அதுவும் இல்லை. யார்டு போனால் திட்டம் போகும். திட்டம் போனால் நான் மறுபடி ஸ்டோரில் மூட்டை எண்ணுகிற மாணிக்கம். அவ்வளவுதான் என் காரணம். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரில் நடந்தால் நான்தான் முதல் ஆளாகப் பேசுவேன்.

நசீர் சார் படிவத்தைப் படித்தார். பென்சில் எங்கேயும் நிற்கவில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். பல வருஷத்தில் அவர் கோடு போடாமல் திருப்பிக் கொடுத்த ஒரே ரிப்போர்ட் அது. சான்றிதழ் புதுப்பித்தாயிற்று. ஆபீசில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், ருசியாக இருந்தது. வெட்கமில்லாமல் அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அண்ணே, தனலெட்சுமி பேசுறேன். வாழத் தோட்டம்."

"சொல்லும்மா."

"பொகை நிக்கல. அதான் அரசாங்க ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். அவங்க ஒங்க கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்காங்க. இன்னைக்கு என்னைய கூப்பிட்டு ஒரு கடுதாசியக் காட்டினாங்க. எனக்குத் திருப்தின்னு போட்டு, கீழ என் கையெழுத்து. இது ஒங்களுதான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எப்படிண்ணே இல்லன்னு சொல்றது? என் கையெழுத்துதானே."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"அந்த டிக்கு யாருண்ணே போட்டது? நீங்களா, ஆபீஸ்லயா?"

இங்கே நான் ஒரு தடவை மனுஷனாக இருந்திருக்கலாம். வாய்ப்பு தானாக வந்து நின்றது. "ஆபீஸ்ல போட்டிருப்பாங்கம்மா. நான் கேட்டுப் பாக்குறேன்" என்றேன், நாக்கூசாமல்.

"அப்படித்தான் நெனச்சேன். நீங்க போட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லி அவர் போனை வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அந்த நம்பர் என் போனில் இருந்தது, அழிக்கவும் இல்லை. ஒரு நாள் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடப் போனேன். கண்ணாடியில் எங்கள் ஸ்டிக்கர். மேசையில் இலைக்குப் பதிலாக ஒரு தாள். வாழையிலை மாதிரியே பச்சை, நடு நரம்பு வரைக்கும் அச்சடித்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு.

"என்ன அண்ணே இது? எல எங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"எல கருப்பு ஒட்டுதுன்னு ஒரே கம்ப்ளேன். அந்தத் தோட்டக்காரம்மா பாவம், நல்ல மனுஷி, என்ன செய்றது. இது சுத்தமா இருக்கு. ஒங்க கம்பெனி சரக்குதானே மாணிக்கம், தெரியாத மாதிரி கேக்குறீங்க?"

எங்கள் சரக்குதான். எங்கள் மூன்று சக்கர வண்டியில் புகையில்லாமல் வந்து இறங்கிய சரக்கு. பக்கத்து மேசைக்காரர் சாப்பிட்டு முடித்ததும் பையன்கள் அந்தத் தாளை மடித்துப் பச்சைச் சாக்கில் போட்டார்கள். சாக்கு எங்கே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் சோற்றை மீதம் வைக்காமல் சாப்பிட்டேன், வைத்தால் காரணம் கேட்பார்கள் என்று.

அந்த யார்டை வேறு யாரோ கொடுத்த புகாரில் பிறகு இழுத்து மூடிவிட்டார்கள். எங்கள் கம்பெனி நல்ல யார்டு ஒன்றைப் பிடித்தது, பிசுக்குப் பிளாஸ்டிக்கை எடுப்பதில்லை என்று கடைகளிடம் நேராகச் சொன்னது, சொல்லாமல் போய்ப் பார்க்கும் விதியும் வந்தது. கவிதா அந்த விதிக்குள் வேலைக்கு வந்தவள். அது ஏன் வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓய்வு பெறும்போது எனக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள்; 'பசுமைச் சங்கிலியின் முன்னோடி' என்று எழுதிய கண்ணாடிக் கேடயத்தோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி அதைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கே வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். தூசி விழும் என்றேன்.

இதுவரை எழுதியதைக் கவிதாவுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு தோன்றியது, இது முதலில் போக வேண்டிய இடம் வேறு. இந்தத் தடவை போன் போட்டுச் சொல்லாமல் போனேன். ஞாயிற்றுக்கிழமை, தனலெட்சுமி வீட்டில் இருந்தார். வாழைத் தோட்டம் இருந்த இடத்தில் நிலக்காரர் செம்பனை வைத்துவிட்டார். தனலெட்சுமி இப்போது புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் வேலைக்குப் போகிறார், கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்கிறது. என்னை அடையாளம் தெரிந்தது. உட்காருங்கள் என்றார். நான் நின்றுகொண்டே, "அந்த டிக்கு நான் போட்டதும்மா" என்றேன்.

அவர் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "இப்ப எதுல சைன் போடணும்?" என்றார்.

"சைன் இல்லம்மா. எழுதிக் கொண்டாந்திருக்கேன். தமிழ்லதான். படிச்சுப் பாருங்க."

மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு, வரிக்கு விரல் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நடுவில் ஒரு தடவை கூட நிமிரவில்லை. கணவர் உள்ளேயிருந்து ஏதோ கேட்டபோதும் வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. முடித்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார்.

"டீ கொடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. டீ இல்லண்ணே, மைலோ" என்றார். மேலே திருத்திவிட்டேன்.

"மத்ததெல்லாம் சரியா இருக்கா?"

"அன்னைக்கு ஒரு கட்டு எல கொடுத்து விட்டேனே. அத ஏண்ணே எழுதல?"

எழுதவில்லைதான். மறந்துபோய் விடவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு, இதை மட்டும் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, வீட்டுக்கு இலை கொண்டு போங்கள் என்றார் தனலெட்சுமி. நாளைக்கு அப்பா திவசம், நல்லதாகப் போயிற்று என்றேன். திவசம் என்றதும் அவர் தோட்டத்தின் உள்கோடி வரைக்கும் நடந்துபோய், கரி அதிகம் படாத மரமாகத் தேடி, தலைவாழை இலையாகப் பத்து அறுத்தார். "படையலுக்குப் போடுறது, சுத்தமா இருக்கணும்" என்று சொல்லி, ஒவ்வொரு இலையையும் முன்னும் பின்னும் ஈரத்துணியால் துடைத்தார். கால் மணி நேரம் துடைத்தார். நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மறுநாள் அந்த இலையில் அப்பாவுக்குப் படைத்தோம். நானும் அதில்தான் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அது தனலெட்சுமிக்கும் தெரியாது. காரில் எழுத வாகாக ஒன்றும் இல்லை. அந்த இலைக்கட்டை மடியில் எடுத்து வைத்து, அதன் மேல் படிவத்தை விரித்துத்தான் டிக் போட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தையும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.